ஊடு என்று சொன்ன வாய்

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தாள். சேலத்துப் பெண். சென்னையில் தங்கி சீரியலில் நடிக்கிறாள். லீவு கிடைத்ததென்று ஏரியில் படகு விட வந்தவள், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறாள். கடைக்காரருக்குப் பிடிபடவில்லை. போனில் என் படத்தைக் காட்டியதும், "அட, நம்ம அழுவற அம்மாங்களா" என்று வழி காட்டியிருக்கிறார். இந்த ஊரில் எனக்கு அதுதான் விலாசம். ராசாமணி என்கிற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் சௌக்கியமாக இருக்கிறது.

வந்தவள் ஒரு சேதி சொன்னாள். இனிமேல் படத்துக்குப் பின்குரல், அதாவது டப்பிங், கொடுக்க ஆளே வேண்டாமாம். ஒருவர் பேசியதைக் கொஞ்சம் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டரே அந்தக் குரலில் மற்றதையெல்லாம் பேசிவிடுமாம். செத்தவர்களைக்கூடப் பேச வைக்கிறார்களாம். அவளுடைய சிநேகிதி ஒருத்தி பின்குரல்தான் கொடுக்கிறாள், வேலை போய்விடும் என்று சாப்பிடாமல் கிடக்கிறாளாம். இதெல்லாம் சொல்லிவிட்டு, உங்கள் காலத்தில் எப்படி இருந்தது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். எனக்குத் தொண்டை போய்விட்டது. கை இன்னும் போகவில்லை. எழுதுகிறேன். படித்து யாருக்கும் தைரியம் வரப்போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது இதே மலையில் வெள்ளக்கடை. அப்பா காபி எஸ்டேட்டில் வாட்ச்மேன். எஸ்டேட்டில் சாமி கும்பிடும் திருவிழாவுக்கு நாடகம் போட வந்த குழுவில், சந்திரமதி வேஷக்காரிக்குக் காய்ச்சல் என்று என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். பாட்டு எனக்கு ஏற்கெனவே தெரியும். அப்படியே அவர்களோடு மலை இறங்கிப் போய்விட்டேன். எட்டு ஊர் தண்ணி குடித்து, திட்டு வாங்கி, கால் வீங்க நின்று கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொன்னால் இதுதான்: மைக் இல்லாமல் கடைசி ஆள்வரைக்கும் கேட்க வேண்டும், ஆனால் கத்தக் கூடாது. அது எனக்கு வந்தது. எனக்கு அது ஒன்றுதான் வந்தது. அழகு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. குரல் இருந்தது.

அந்தக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர்தான் பிறகு என் வீட்டுக்காரர் ஆனார். பெயர் பழனியப்பன். அதிகம் பேசமாட்டார். என் சுருதி நாலரைக் கட்டை என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர். அதுவரை எனக்கு அஞ்சில் வைத்து என் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். குழுவில் வந்து சேர்ந்த அன்றைக்கே, "இந்தப் புள்ளைக்கு நாலரை. அதுக்கு மேல போனா அது குரல் இல்லை, அழிச்சாட்டியம்" என்று நாடக வாத்தியாரிடம் சொல்லிவிட்டு அவர்பாட்டுக்குத் துருத்தியை அமுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மனுஷனைக் கட்டிக்கொள்ள இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கே திரும்பிவிட்டோம். சினிமா எங்களைத் தேடி மலைக்கே வந்தது. ஏற்காட்டில் படப்பிடிப்பு நடக்காத சீசன் அப்போது கிடையாது. சின்ன வேஷத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் கூட்டிவந்தால் செலவு என்று இங்கேயே பொறுக்குவார்கள். என் முதல் வேஷம் பங்களா வேலைக்காரி. ஒரே ஒரு வசனம்: "ஐயா வீட்டுல இல்லீங்க." இதைச் சொல்ல நான் பட்ட பாடு நாய் படாது.

காரணம், என் வாயில் வீடு வராது. ஊடுதான் வரும். எங்கள் பக்கம் யார் வாயிலும் வராது. "ஐயா ஊட்டுல இல்லீங்க" என்றேன். கட். மறுபடியும் ஊட்டுல. கட். குரலை எப்படியும் சென்னையில் வேறொருத்தி கொடுக்கப்போகிறாள், அப்புறம் நான் என்ன சொன்னால் என்ன என்று கேட்டேன். இணை இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். வீடு என்றால் மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். ஊடு என்றால் வாய் குவிந்துகொள்ளும். குவிந்த வாயில் வீட்டை ஒட்ட முடியாது என்றார். அப்போதுதான் அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டேன். ஒட்டுவது. வாய் அசைவும் சத்தமும் ஒன்றாக விழுந்தால் ஒட்டுகிறது என்பார்கள். விழாவிட்டால் ஒட்டவில்லை. பிறகு என் பிழைப்பு முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் ஓடியது.

மறுபடியும் ஊட்டுல என்றேன். அவர் பொறுமை போய், "ஏம்மா, ஃபிலிம் என்ன உங்கப்பன் ஊட்டுதுன்னு நெனச்சியா?" என்று கத்தினார். லைட்டைப் பிடித்தவர்கள்வரைக்கும் சிரித்துவிட்டார்கள். மனுஷன் ஆத்தூர்க்காரர். பத்து வருஷமாகச் சென்னைப் பேச்சு பேசி மறைத்து வைத்திருந்தது, கோபத்தில் வெளியே வந்துவிட்டது. முகம் சுண்டிப்போய், வசனத்தையே மாற்றி "ஐயா இல்லீங்க" என்று எடுத்து முடித்தார். என் சினிமா வாழ்க்கையில் நான் வயிறு வலிக்கச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு படங்கள், சீரியல்கள். பெரும்பாலும் அம்மா. ஏழை அம்மா, நோயாளி அம்மா, பிள்ளையைப் பறிகொடுக்கும் அம்மா. என் முகம் அழுவதற்கென்றே செய்த முகம் என்றார்கள். வீடு என்று சொல்லவும் பழகிக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று பல்லை உதட்டில் பதித்துப் பதித்துப் பழகினேன். ஆனாலும் குரல் மட்டும் எனக்குக் கொடுக்கவில்லை. என் பேச்சில் மலை இருக்கிறதாம். என் முகத்துக்கு யார் யாரோ அழுதார்கள். ஒருத்தி மூக்கால் அழுவாள், ஒருத்தி விக்கி விக்கி அழுவாள். படம் பார்த்துவிட்டு வந்தால் பழனியப்பன் சாப்பிடும்போது மெதுவாகச் சொல்வார்: "மூஞ்சி உன்னுது. சத்தம் எவளுதோ."

பிறகு அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. முதலில் ஒரு கண், அப்புறம் மற்றது. ஆர்மோனியத்துக்குக் கண் வேண்டாம். ஆனால் நாடகத்துக்கு ஊர் ஊராகப் போகக் கண் வேண்டும். வேலை நின்றது. என் சம்பாத்தியத்தில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம், அவர் ஊசி மருந்தும் அதில்தான். அவர் அதற்கெல்லாம் வருத்தப்பட்டுக் காட்டியதே இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் வாய்விட்டுச் சொன்னார். ஒருநாள் பக்கத்து வீட்டு டிவியில் என் சீரியல் ஓடியது. வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், நான் வந்ததும் கேட்டார்:

"அதுல நீ எந்தப் பொம்பளை?"

அழுகிறாளே அவள்தான் என்றேன். ரெண்டு பேர் அழுதார்களே என்றார். பிறகு, "ஒரு படத்துலயாச்சும் உங்கொரலு வந்துச்சுன்னா, நீ வந்துட்டேன்னு எனக்குத் தெரியும் புள்ள. இல்லாட்டி நீ நடிக்கறதே எனக்குப் பொய்யாட்டந்தான் இருக்குது" என்றார். அன்றிலிருந்து என் ஆசை அவ்வளவுதான். பேர் வேண்டாம், போஸ்டர் வேண்டாம். ஒரு படத்தில் என் குரல். அவர் காது அதைக் கேட்க வேண்டும்.

அது கைக்கு எட்டியும் வந்தது. ஒரு டைரக்டர் வந்தார். பெயர் வேண்டாம். எங்கள் மலையிலேயே செம்மநத்தத்தில் வைத்து முழுப் படமும் எடுத்தார். நான் பார்த்த டைரக்டர்களில் சத்தம் போடாதவர் அவர் ஒருவர்தான். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. ஷாட் ஓடும்போது எல்லோரும் கேமராவோடு இணைத்த டிவியைப் பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்பார். ஷாட் பிடிக்கவில்லை என்றால் திட்டமாட்டார். நம் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, "அம்மா, ஒண்ணே ஒண்ணு" என்பார். அந்த ஒண்ணே ஒண்ணு என்னவென்று சொல்லமாட்டார். நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாளே என்னிடம், "நீங்க உங்க பேச்சே பேசுங்கம்மா. உங்க பேச்சுதான் இந்தப் படம். குரலும் நீங்களேதான் கொடுக்கறீங்க" என்றார். நான் அவர் காலில் விழாத குறை.

கதையில் நான் எஸ்டேட் கூலிக்காரி. பெண் குழந்தையைப் பாம்பு தீண்டிவிடும். தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஓடி பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் குழந்தை போய்விடும். அம்மாவுக்கு அது தெரியும், ஆனால் ஒத்துக்கொள்ளமாட்டாள். நிறுத்தத்துக் கல்லில் குழந்தையைக் கிடத்தி, தலையைக் கோதி ஒன்று சொல்ல வேண்டும். எழுதி வைத்திருந்தது, "எழுந்திரு கண்ணு, வீட்டுக்குப் போகலாம்." நான் சொன்னது, "எந்திரி கண்ணு, ஊட்டுக்குப் போலாம்." அழவில்லை. பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டிப் போகிற அம்மா சொல்வதுபோலச் சொன்னேன். குழந்தையாக நடித்த செம்மநத்தத்துப் பெண் அசந்து நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தாள். அவள் மூச்சு என் கையில் பட்டது. டைரக்டர் கண்ணைத் திறக்கவே நேரமாயிற்று. ஒண்ணே ஒண்ணு என்று அவர் கேட்கவில்லை.

பின்குரல் கொடுக்கச் சென்னைக்குப் போனேன். போகும்போது பருத்திப் புடவை கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், பட்டு சரசரக்கும். வளையலைக் கழற்றி வெளியே மேஜையில் வைத்துவிட வேண்டும். வயிறு காலியாக இருந்தாலும் சத்தம் போடும் என்று ரெண்டு இட்லி சாப்பிட வைத்தார்கள். ஐஸ் இல்லாத தண்ணீர். உள்ளே கார்ப்பெட் போட்ட இருட்டு அறை, ஒரு திரை, ஒரு மைக், காதில் மாட்டிக்கொள்ள ஒன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியரும் டைரக்டரும். நம் முகம் திரையில் வரும். அதன் வாயைப் பார்த்துக்கொண்டே நாம் பேச வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஒட்டலைம்மா, இன்னொண்ணு" என்று குரல் வரும்.

நாடகக்காரிக்கு இது பெரிய தண்டனை. கையைக் காலை ஆட்டாமல் எனக்குப் பேச வராது. ஆட்டினால் புடவை சத்தம் மைக்கில் விழும். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். காலையில் ஆரம்பித்தது. ஓடி மூச்சிரைக்கும் இடத்துக்கு அறைக்கு வெளியே படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடிவந்து பேசினேன். ஒட்டவில்லை, ஒட்டவில்லை என்று மதியம்வரை போயிற்று. அந்தக் கல் நிறுத்தத்து இடத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார் டைரக்டர்.

திரையில் என் வாய் குவிந்தது. எந்திரி கண்ணு, ஊட்டுக்குப் போலாம். சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒட்டவில்லையோ என்று பார்த்தால், இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். டைரக்டர் உள்ளே வந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழனியப்பனிடம் சொன்னேன்: ஒட்டிருச்சுங்க. நாலரையிலதானே சொன்னே என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் அன்றைக்குப் பெட்டியைத் திறந்து ஆர்மோனியத்தைத் துடைத்து வைத்தார்.

படம் வந்த அன்றைக்கு வெள்ளக்கடையிலிருந்து ஊர்க்காரர்கள் டெம்போ பிடித்துச் சேலத்துக்கு வந்தார்கள். பகல் ஆட்டம். பழனியப்பன் சலவை ஜிப்பா போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்போல வந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "படம் பாக்க வரலீங்க, கேக்க வந்திருக்கறனுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

முதல் காட்சியே நான்தான். காபிச் செடிக்கு நடுவில் நின்று கூப்பிடுகிறேன். வாய் திறந்தது என் வாய். வந்தது வேறு யாரோ.

பின்னால் வெள்ளக்கடைப் பெண்கள், இது ராசாமணி சத்தம் இல்லையே என்று முணுமுணுத்தார்கள். அவர் காதில் அது விழுந்ததா தெரியாது. எந்தப் பெண் குரல் வந்தாலும் முன்னால் சாய்ந்து காது கொடுப்பார். பிறகு பின்னால் சாய்ந்துகொள்வார். திரையில் நான் வந்துகொண்டே இருக்கிறேன், சமைக்கிறேன், சிரிக்கிறேன், குழந்தைக்குத் தலை பின்னுகிறேன். அவர் என் பக்கம் திரும்பி, "நீ எப்பப் புள்ள வருவே?" என்றார். "இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்குது" என்றேன்.

கல் நிறுத்தம் வந்தது. குழந்தையைக் கிடத்திவிட்டேன். என்னால் முடியவில்லை. அவர் காதோடு வாயை வைத்து நானே சொல்லிவிடலாம் என்று, "எந்திரி கண்ணு" என்று ஆரம்பித்தேன். முன்சீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி, "ஏனுங்கக்கா, அந்தம்மா சொல்றதைக் கேக்க வுடுங்க" என்றாள். இருட்டில் அவளுக்கு என்னைத் தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். திரையில் என் வாய் குவிந்திருந்தது. யாரோ ஒருத்தி அதற்குள்ளிருந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாள். தியேட்டர் முழுக்க அழுதது.

"இதானா அந்த எடம்?" என்று கேட்டார் பழனியப்பன்.

"ஆமாங்க."

அவர் எழுந்துகொண்டார். "வா புள்ள, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

பஸ் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறியது. முன்சீட்டுக் கம்பியில் அவர் விரல்கள் ஆர்மோனியக் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தன. இறங்கப்போகும்போது, "அவ அஞ்சுல அழுவறா. ஆனா நல்லாத்தான் அழுவறா" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிறாராம். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

டைரக்டருக்குப் பலமுறை போன் போட்டேன். ஒருநாள் எடுத்தார். வியாபாரத்துக்கு வந்தவர்கள் போட்டுப் பார்த்துவிட்டு, சேலம் தாண்டினால் இந்தப் பேச்சு யாருக்கும் விளங்காது, மாற்றினால்தான் வாங்குவோம் என்றார்களாம். "உங்ககிட்ட சொல்ல வாய் வரலைம்மா" என்றார். நான் கொடுத்ததையாவது வைத்திருக்கிறீர்களா, வீட்டுக்காரருக்கு ஒருதரம் போட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அதன் மேலேயே மற்றவள் குரலை ஏற்றிவிட்டார்களாம். மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்கம்மா என்று எத்தனை தரம் சொன்னாரோ. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. கத்துகிற மனுஷனாக இருந்தால் நானும் வாய்க்கு வந்தபடி கேட்டிருப்பேன்.

அதற்குப் பிறகும் நடித்தேன். நடிக்காமல் மருந்து எங்கிருந்து வரும்? அவர் மட்டும் பிறகு எந்தப் படத்தையும் கேட்க வரவில்லை. பக்கத்து வீட்டில் டிவி போட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

கடைசியில் அவரைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒருநாள் விடியக் காத்தால அடங்கிவிட்டார். நான் அவர் நெஞ்சில் விழுந்து அழுதேன். வார்டில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஓடிவந்து என்னைத் தூக்கினாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பாவம், நல்ல பெண்தான், என் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "டிவியில நீங்க வேற மாதிரி அழுவீங்களேங்க" என்றாள்.

மறு வருஷம் என் கழுத்தில் கழலை வந்து ஆபரேஷன் ஆயிற்று. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. இப்போது பேசினால் முறத்தில் உமி தேய்க்கிற சத்தம்தான்.

இதையெல்லாம் அந்தச் சேலத்துப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. உங்கள் பழைய குரல் எதிலாவது துளி இருந்தால்கூடப் போதும், அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு அந்த வசனத்தை உங்கள் குரலிலேயே கொண்டுவந்துவிடலாம் என்றாள். அவள் நல்லெண்ணம் எனக்குப் புரிந்தது. துளிக்கு எங்கே போவேன்? நாடகத்தை எவரும் பதிவு செய்யவில்லை. சினிமா என் குரலை வைத்துக்கொள்ளவில்லை. கொண்டுவந்தாலும் யார் காதுக்கு?

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் படம் இப்போது போனிலேயே கிடைக்கிறது என்று தேடி, கல் நிறுத்தத்து இடத்தை எடுத்துக் காட்டினாள். இத்தனை வருஷத்தில் நான் அதை மறுபடியும் பார்த்ததே இல்லை.

"வாயி ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு சொல்லுதுங்களேம்மா" என்றாள். அவளுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

"சத்தத்தை அணைச்சுரு கண்ணு" என்றேன்.

அணைத்தாள். சின்னத் திரையில் நான் குழந்தையைக் கிடத்தினேன், தலையைக் கோதினேன். சுவரில் மாலை போட்ட படத்தில் பழனியப்பன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். முந்தானையைச் செருகிக்கொண்டேன். ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். திரையில் வாய் குவிந்தது.

"எந்திரி கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

காற்றுத்தான் வந்தது. அதுவும் பிந்தி வந்தது. நான் போலாம் என்று முடிப்பதற்குள் திரையில் இருந்தவள் வாயை மூடிவிட்டாள். ஒட்டவில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, இன்னொண்ணு போகலாமாம்மா என்று கேட்டாள். வேண்டாம் கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு என்றேன்.